உயிர்ப்பணயம்: ஒரு மறுப்பு

சென்ற இதழில் வந்த 'ஆட்டமும் மரணமும்' கட்டுரையை மூன்று தடவை படித்தேன். எழுதியவர் நண்பர், பதினைந்து வருஷப் பழக்கம். அவருடைய கவிதைகளில் ஏழெட்டின்மீது எனக்கு உண்மையான மதிப்பு உண்டென்பதும் அவருக்குத் தெரியும். எனவே முகதாட்சண்யத்துக்கு இங்கே இடமில்லை. நம் வட்டத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் மறுத்தால் அடுத்த கூட்டத்தில் பாதிப் பேர் இந்த பெஞ்சிலும் மீதிப் பேர் அந்த பெஞ்சிலுமாக உட்காருவது பழக்கமாகிவிட்டது. அதற்குப் பயந்து சும்மா இருந்தால் இருநூற்றைம்பது பிரதி அச்சிடும் ஒரு பத்திரிகைக்கு வேறு என்ன நியாயம் இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை.

நண்பரின் வாதத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான்: நவீன வாழ்க்கை மரணத்தை ஆஸ்பத்திரிக்குள் ஒளித்து வைத்துவிட்டது. பிரக்ஞையோடு அதற்கு நேரே போய் நிற்கிற கடைசி மனிதன் தொழில்முறை விளையாட்டுக்காரன். பந்தயக்கார் ஓட்டுகிறவன், பவுன்ஸருக்கு நெற்றியைக் கொடுக்கிறவன், காளையின் திமிலை அணைகிறவன் எல்லாருமே உயிரைப் பணயம் வைக்கிறார்கள். அது அவர்களுடைய தேர்வு, ஆகையால் அதற்கு அர்த்தம் உண்டு. தொழிலாளியும் சாகத்தான் செய்கிறான், ஆனால் அது நிர்ப்பந்தம், அது விபத்து, அது புள்ளிவிவரம். அதில் தேர்வு இல்லாததால் நாடகம் இல்லை, நாடகம் இல்லாததால் கலைக்கு அங்கே வேலை இல்லை. துணைக்குக் காம்யுவையும் செல்லப்பாவின் 'வாடிவாச'லையும் கூப்பிட்டிருக்கிறார். இரண்டு பேருமே அவருக்கு எதிர்த்தரப்புச் சாட்சிகள் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொல். பணயம் என்றதும் நண்பருக்குத் தருமன் சபையில் சொக்கட்டான் ஆடியது நினைவு வருகிறது போலிருக்கிறது. அந்தச் சபையிலும் தருமன் தன்னை வைப்பதற்கு முன் தம்பிமாரைத்தான் வைத்தான் என்பது இருக்கட்டும். குலசேகரத்தில் பணயம் என்றால் அடகு. கழுத்துச் சங்கிலியைப் பணயம் வைப்பார்கள், மகள் கல்யாணத்துக்குப் புரயிடத்தின் ஆதாரத்தைப் பணயம் வைப்பார்கள். (சென்னை நண்பர்கள் குலசேகரத்தையும் நாஞ்சில் நாடு என்றே எழுதுகிறார்கள். நாஞ்சில் நாடென்பது தோவாளையும் அகஸ்தீஸ்வரமும். நாங்கள் கல்குளத்துக்காரர்கள், நெல்வயலைவிட ரப்பரையும் மலையையும் அதிகம் பார்த்தவர்கள். எங்கள் தமிழில் மலையாளம் கலந்திருப்பதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பணயம் என்ற சொல்லின் சரியான பொருள் அந்தக் கலப்பில்தான் தங்கியிருக்கிறது.) நண்பரின் வாக்கியத்தை இங்கே பனையேறி ஓய்ந்த ஒரு பெரியவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு, "பணயம் வச்சா திருப்பணும்லா சாரே. நாங்க காலத்த வச்சு வைய்ட்டு திருப்புனோம். ஒருநாளு திருப்ப முடியாம போனவனுக்க பேரு உங்க பேப்பர்ல வந்துச்சா?" என்றார். வரவில்லை.

அடகு என்றால் அங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள், வைக்கிறவன் ஒருவன், வாங்கிக்கொள்கிறவன் ஒருவன். நண்பரின் கட்டுரை நெடுகிலும் வைக்கிறவன் மட்டுமே மேடையில் தனியாக ஒளிவட்டத்தோடு நிற்கிறான். வாங்கிக்கொள்கிறவன் கண்ணில் படவே இல்லை. அடகுபிடித்தவனுக்கு அந்தப் பொருளை நல்லபடி வைத்திருப்பதில் லாபம் உண்டா, இல்லையா? விளையாட்டுக்காரனின் உயிருக்கும் கூலிக்காரனின் உயிருக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது.

2014 நவம்பர் 25 அன்று சிட்னி மைதானத்தில் ஃபிலிப் ஹியூஸ் 63 ரன் எடுத்து நிற்கும்போது ஒரு பவுன்ஸர் ஹெல்மெட்டுக்குக் கீழே கழுத்தில் பட்டது. 27ஆம் தேதி இறந்தார். இருபத்தாறு வயது முடியவில்லை. அந்தச் சாவைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்க்கச் சொல்கிறேன். அந்த ஆட்டம் கைவிடப்பட்டது. இந்தியாவுக்கெதிரான பிரிஸ்பேன் டெஸ்ட் தள்ளிவைக்கப்பட்டது. உலகமெங்கும் ஜனங்கள் வாசலில் மட்டையைச் சாத்தி வைத்து அஞ்சலி செய்தார்கள். தனி விசாரணை, பிறகு மரண விசாரணை நீதிமன்றம், ஹெல்மெட்டின் பின்புறம் கழுத்துக்குக் காப்பு, 2019 முதல் தலையில் அடிபட்டவனுக்கு மாற்று ஆட்டக்காரன். 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்று அடிபட்டு மூன்றாம் நாள் இறந்த ராமன் லாம்பாவுக்கு இவ்வளவு நடக்கவில்லை. டாக்கா கிளப் ஆட்டத்துக்கு டெலிவிஷன் வியாபாரம் குறைவு, அவ்வளவுதான்.

பந்தயக்காருக்கு வருவோம். 1994இல் இமோலாவில் ஏப்ரல் 30ஆம் தேதி ராட்ஸன்பெர்கரும் மறுநாள் அயர்டன் செனாவும் இறந்தார்கள். செனா மோதிய பந்தயத்தையே சற்று நிறுத்தி மறுபடி ஓட்டி முடித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காட்சி நடந்துதான் ஆகவேண்டும். ஆனால் அதற்குப் பிறகு பாதை மாறியது, கார் மாறியது, விதி மாறியது. 2014இல் சுஸுகாவில் மோதி மறு வருஷம் இறந்த ஜூல் பியாங்கிவரை ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டுநர் எவரும் சாகவில்லை. 2018இல் ஓட்டுகிறவனின் தலைக்குமேல் 'ஹாலோ' என்று ஒரு வளையம் வைத்தார்கள். 2020இல் பஹ்ரைனில் கார் இரண்டாகப் பிளந்து தீப்பிடித்தும் குரோஷான் அதற்குள்ளிருந்து ஏறி வந்தார். குத்துச்சண்டையிலும் இதுவேதான்: 1982 நவம்பரில் கொரியாக்காரர் கிம் துக்-கு லாஸ் வேகஸில் அடிபட்டுச் செத்த பிறகு பதினைந்து சுற்று பன்னிரண்டாகக் குறைந்தது. இவையெல்லாம் கருணையால் நடந்தவை என்று நம்ப நண்பருக்கு உரிமை உண்டு. என் கண்ணுக்கு, அடகுபிடித்தவன் தன் பொருளைப் பத்திரப்படுத்துவதாகப் படுகிறது. ஆட்டக்காரன் முதலீடு. அவன் செத்தால் நஷ்டம். ஆபத்தின் வாசனை இருக்க வேண்டும், ஆபத்து இருக்கக் கூடாது. இந்தத் தொழிலின் முழு சாமர்த்தியமும் அந்த வாசனையைத் தயாரிப்பதில் இருக்கிறது. அந்த வாசனையைத்தான் நண்பர் மரணத்தின் தரிசனம் என்று எடுத்துக்கொண்டார்.

இப்போது பனை. காலில் திளாப்பு, இடுப்பில் பாளை அருவா, கலயம். காலையில் ஏறி அக்கானியை இறக்க வேண்டும், சாயங்காலம் மறுபடி ஏறிப் பாளையைச் சீவ வேண்டும். ஒரு நாளில் முப்பது நாற்பது மூடு பனை, ஒவ்வொன்றும் இரண்டு தடவை. ஒரு பருவத்துக்கு எத்தனை ஆயிரம் ஏற்றம் என்று நண்பர் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். மரம் மழையில் வழுக்கும். மட்டையின் கருக்கு கையை அறுக்கும். உச்சியில் கடந்தல் கூடு இருந்தால் கொட்டும்போது கையை விட முடியாது. விழுந்தவர்களில் செத்தவர்களைவிட முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப் பதினைந்து இருபது வருஷம் திண்ணையில் கிடந்தவர்கள் எங்கள் பகுதியில் அதிகம். ஃபார்முலா ஒன் காருக்கு இருபத்தைந்து வருஷத்தில் எத்தனை மாறுதல் வந்ததென்று சொன்னேன். திளாப்பு அப்பன் காலத்திலும் பாட்டன் காலத்திலும் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. பனைமரத் தொழிலாளர்க்கென்று நலவாரியம் பிற்பாடு வந்தது. வாரியம் விழுந்தவனுக்குப் பணம் கொடுக்கும். விழாமல் இருப்பதற்கு மரத்தில் எதையும் கட்டவில்லை. அக்கானி வேண்டியவனுக்கு ஏறுகிறவன் யாராயிருந்தாலும் ஒன்றுதான், ஒருவன் விழுந்தால் அவன் தம்பி ஏறுவான்.

இங்கே தேர்வு இல்லை என்கிறார் நண்பர். இதைவிடத் திமிரான வாக்கியம் சமீபத்தில் நம் பத்திரிகையில் வந்ததில்லை. பனையேறுகிறவன் பனையேறியாகப் பிறந்ததில் அவனுக்குத் தேர்வு இல்லாமல் இருக்கலாம். ஆனால் இந்தக் காற்றில் இந்த மரத்தில் ஏறலாமா, இந்த மட்டை தாங்குமா, உடம்பு இன்றைக்குச் சரியாக இருக்கிறதா என்று ஒரு நாளைக்கு எழுபது எண்பது தடவை அவன் தேர்ந்தெடுக்கிறான். ஒவ்வொரு தேர்வும் சரியாக இருந்தாக வேண்டும். அந்தத் தேர்வுகளை எண்ணிக் காட்ட ஸ்கோர்போர்டு இல்லை, அதனால் அவை இல்லை என்றாகிவிடுமா? பிரக்ஞை என்ற சொல்லை நாம் எல்லோரும் ஒரு காலத்தில் தேய்த்துத் தீர்த்தோம். தரையிலிருந்து அறுபது எழுபது அடியில் ஒரு கையால் பாளையைச் சீவிக்கொண்டிருப்பவனுக்கு இருப்பது பிரக்ஞை இல்லையென்றால் அந்தச் சொல்லை இனி விட்டுவிடலாம்.

ரப்பரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பால் வெட்டு விடிவதற்கு முன்னால். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு முந்நூறு நானூறு மரத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் சுற்ற வேண்டும். வெளிச்சம் பட்டையில் விழும்போது கால் இருட்டில் இருக்கும், கரியிலைக்குள் அணலி இருக்கும். பேச்சிப்பாறைக்கு அப்பால் கோதையாறு, கீரிப்பாறைப் பக்கம் என்றால் யானை. தோட்டத் தொழிலாளருக்காக 1951இல் சட்டம் வந்தது. 1981இல் திருத்திய பிறகும் 5 ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டத்தையும் 15 ஆளுக்குக் குறைந்த தோட்டத்தையும் அது தன் வேலிக்கு வெளியே நிறுத்தியது. அரசு ரப்பர் கழகத்துத் தோட்டங்களை விட்டால் குலசேகரத்தைச் சுற்றியுள்ள புரயிடங்களில் பெரும்பாலானவை ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர். பாம்பு கடித்தவன் சட்டத்தின் கணக்கில் வேலை செய்து சாகவில்லை. பாம்பு கடித்துச் செத்தான்.

நண்பர் 'புள்ளிவிவரம்' என்று ஏளனமாகச் சொன்னார். தொழிலாளி புள்ளிவிவரமாகக்கூட ஆவதில்லை என்பதுதான் விஷயம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023இல் சொன்ன கணக்குப்படி வேலையின் காரணமாக உலகில் ஒரு வருஷத்தில் சாகிறவர்கள் ஏறத்தாழ 30 லட்சம், அதில் விபத்து மட்டும் 3 லட்சத்து 30 ஆயிரம். மீதி, மூச்சிலும் ரத்தத்திலும் மெதுவாக ஏறிய சாவு. ஸ்டேடியத்தில் சாகிறவர்களை இதன் பக்கத்தில் வைத்து எண்ணுவது கிட்டத்தட்ட அநாகரிகம். ஒழுங்காகக் கணக்கெடுக்கும் அமெரிக்காவில், எல்லாத் தொழிலாளரையும் சேர்த்துப் பார்த்தால் லட்சத்துக்கு நான்கு பேருக்கும் குறைவாகச் சாகிறார்கள், மரம் வெட்டுகிறவர்களிலோ ஏறத்தாழ நூறு பேர். கடலில் மீன் பிடிக்கிறவனும் கூரை வேய்கிறவனும் அதற்கு அடுத்தபடியில். நம் நாட்டில் இப்படி ஒரு பட்டியலுக்குள் வர ஒருவன் பதிவு செய்த தொழிற்சாலைக்குள் செத்தால்தான் உண்டு.

2014ஆம் வருஷத்தை மறுபடி எடுத்துக்கொள்ளச் சொல்வேன். நண்பருக்கு அது ஹியூஸ் செத்த வருஷம். அதே வருஷம் மார்ச் 27ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 1993க்குப் பிறகு சாக்கடையிலும் மலக்குழியிலும் இறங்கிச் செத்த ஒவ்வொருவருடைய குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடு என்றது. ஆறு வாரம் கழித்து மே 7ஆம் தேதி அதே நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை சொன்னது. இரண்டும் நம்முடைய தீர்ப்புகள், இரண்டுமே உயிரைப் பற்றியவை. ஒன்று மாட்டின் வதையைப் பற்றியது, மற்றது மனிதன் மூச்சு முட்டிச் சாவதைப் பற்றியது. மாட்டைப் பற்றிய தீர்ப்புக்கு எதிராக 2017 ஜனவரியில் மெரினாவில் லட்சக்கணக்கில் ஜனம் திரண்டது. நம் வட்டத்திலிருந்தும் போனார்கள், கவிதை வாசித்தார்கள். நாலைந்து நாளில் அவசரச் சட்டம் வந்தது. மற்றத் தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லி எந்தக் கடற்கரையில் யார் கூடினார்கள்? அதே 2017இல் மலக்குழிச் சாவுகளைப் பற்றி திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' படத்தைத் திரையிடப் பல ஊர்களில் அனுமதி கிடைக்கவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை 30 லட்சமாக்கியது. ஆக, சாவு நிற்கவில்லை, விலை ஏறியிருக்கிறது. ஜல்லிக்கட்டு நடப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மெரினாவில் கூடியவர்களையும் குறை சொல்லவில்லை. 'உயிரைத் துச்சமாக மதிக்கும் தமிழன்' என்று அன்றைக்குக் கவிதை எழுதிய கை, முகமூடி இல்லாமல் குழிக்குள் இறக்கிவிடப்பட்டவனைப் பற்றி ஒரு வரி எழுதியதா என்றுதான் கேட்கிறேன். நம் பத்திரிகையின் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தேன். எழுதவில்லை.

இன்னும் 2014. ஜூன் 28 மாலையில் சென்னை மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் செத்தார்கள், பெரும்பாலும் அங்கே வேலை செய்தவர்கள். ஏப்ரல் 18 அன்று எவரெஸ்ட்டில் கும்பு பனிச்சரிவில் 16 நேபாளிகள் செத்தார்கள். இந்த இரண்டாவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நண்பரின் வாதம் உடைகிற இடம் அது. ஒரே மலை, ஒரே பனி, ஒரே பாதை. அதில் ஏறும் வெள்ளைக்காரனுக்கும் நம் ஊர்ப் பணக்காரனுக்கும் அது சாகசம், மரணத்தோடு முகாமுகம், திரும்பி வந்து எழுதப்போகும் புத்தகம். அவனுக்கு முன்னால் போய் ஏணி வைத்து, கயிறு கட்டி, ஆக்ஸிஜன் உருளையைச் சுமந்து, அந்தப் பனியருவியை ஒரு பருவத்தில் பத்து இருபது தடவை கடக்கும் ஷேர்ப்பாவுக்கு அது வேலை. யாருக்கு ஆபத்து அதிகம் என்று சொல்ல கணித ஞானம் வேண்டாம். செத்தவர்களின் குடும்பங்களுக்கு அரசாங்கம் முதலில் சொன்ன தொகை 40,000 நேபாள ரூபாய். ஷேர்ப்பாக்கள் கொதித்துப்போய் அந்தப் பருவத்துக்கு மலையேற மாட்டோம் என்றார்கள். பந்தயம் நின்றது. பணயம் வைத்தவன் யார் என்பது அன்றைக்கு அடிவார முகாமிலிருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

கடலைப் பற்றி நான் சொல்வதைவிட எங்கள் கடற்கரைக்காரர்கள் சொல்ல வேண்டும். இருந்தாலும் 2017 நவம்பர் 30ஐ விட்டுவிட முடியாது. அன்று ஒக்கி எங்கள் மலைப்பக்கத்து ரப்பரை வரிசை வரிசையாகப் படுக்கப் போட்டது. குலசேகரத்தில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, நாங்கள் மரத்தை எண்ணிக்கொண்டிருந்தோம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அங்கே ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிப் பிடிக்கிறவர்கள் அவர்கள். எச்சரிக்கை வந்தபோது அது எட்டாத தூரத்தில் இருந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. டிசம்பர் 7ஆம் தேதி ஜனங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தேடு என்பதுதான் கோரிக்கை. கடலில் போனவன் உடல் கிடைக்காவிட்டால் அவன் செத்தானா என்பதே சட்டத்துக்குச் சந்தேகம், சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு அப்போது ஏழு வருஷம் காத்திருக்கச் சொல்லிற்று. விதிவிலக்குக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. ஹியூஸ் விழுந்த கணத்தைக் கேமரா வைத்திருக்கிறது. இவர்கள் செத்தார்கள் என்பதை நிரூபிக்க இவர்களுடைய மனைவிமார்கள் வரிசையில் நின்றார்கள். நாடகம் இல்லையாம்.

காம்யு கோல்கீப்பர் என்பதை நம் ஆட்கள் எப்போது கண்டுபிடித்தார்களோ, அன்றிலிருந்து கால்பந்து இருத்தலியல் விளையாட்டாகிவிட்டது. அல்ஜியர்ஸில் அவர் கோல் காத்தது உண்மை. அதை நிறுத்தியது எது? 1930இல் பதினேழு வயதில் வந்த க்ஷயரோகம். பெல்கூர் என்ற ஏழைகளின் பேட்டையில், வீட்டுவேலை செய்த தாயோடு வளர்ந்த பையன். தகப்பன் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், 1914இல் யுத்தத்தில் செத்தார். மாமன் பீப்பாய் செய்கிறவர். 1957இல் வந்த காம்யுவின் சிறுகதைத் தொகுதியில் பீப்பாய்த் தொழிலாளரைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. வேலைநிறுத்தம் தோற்று, தலையைத் தொங்கப்போட்டு மறுபடி பட்டறைக்குள் வருகிறவர்கள் முதலாளியோடு பேசாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. கோல்கம்பத்தை மட்டும் பார்த்த நண்பர்கள் அந்தப் பட்டறைக்குள்ளும் ஒரு தடவை போய் வரலாம்.

'வாடிவாசல்' விஷயம் இன்னும் மோசம். நம் எல்லோருக்கும் ஒருவிதத்தில் மூதாதையான செல்லப்பாவை ஜல்லிக்கட்டுச் சங்கத்தின் காரியதரிசியாக்கிவிட்டார் நண்பர். அந்தக் கதையில் பிச்சி விளையாட வரவில்லை. அவனுடைய அப்பன் அம்புலியைக் காரி கொன்றிருக்கிறது, அந்தக் காரியைத் தேடி வருகிறான். காரி ஜமீன்தாருடைய காளை. ஜமீன்தார் மேலே உட்கார்ந்து பார்க்கிறார். கீழே மனிதனும் மாடும் ரத்தம் சிந்துகிறார்கள், பந்தயத்தில் இருப்பது அவருடைய கௌரவம். காளை அணையப்பட்டதும் அவர் என்ன செய்கிறார்? துப்பாக்கியை எடுத்துக் காரியைச் சுடுகிறார். அந்தக் கடைசிப் பக்கங்களைப் படித்த பிறகும் அது வீரத்தின் காவியம் என்று எழுத முடிகிறதென்றால், படிப்பு என்று நாம் சொல்வது என்ன? உயிரை வைத்தவர்கள் கீழே, அடகுபிடித்தவர் மேலே. செல்லப்பா கூட்டத்தை எங்கே நிறுத்தினார், மேடையை எங்கே போட்டார் என்று பார்க்கத் தெரியாமல் உருவம், உத்தி என்று இத்தனை வருஷம் பேசியதெல்லாம் எதற்கு? தொழிலாளியின் ஆபத்து கலைக்குப் பொருளாகாது என்பதற்கு என் பதில் 1964இல் வந்தாயிற்று. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' பனைவிளையில் நடக்கிறது, லிஸியின் தங்கராஜ் பனையேறி. ஒரு தடவைகூட அந்த அம்மையார் அவனை வீரனென்று சொல்லவில்லை, பரிதாபப்படவும் இல்லை. அவன் ஏறுகிறான், இறங்குகிறான், காதலிக்கிறான். அந்த நாவலைப் பற்றி நம் பத்திரிகையில் இதுவரை வந்ததை மொத்தமாகச் சேர்த்தால் ஒரு பக்கம் தேறாது.

எல்லா விளையாட்டுக்காரனையும் நான் எதிர்ப்பக்கம் தள்ளுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தலையில் இருபது வருஷம் அடி வாங்கி, பேச்சுக் குழறி, கை நடுங்கி முடிகிற குத்துச்சண்டைக்காரன் சந்தேகமில்லாமல் கூலிக்காரன், அவனுடைய மூளைதான் அவன் விற்ற சரக்கு. 2022 ஜூலையில் பண்ருட்டிப் பக்கம் ஒரு கபடி ஆட்டத்தில் பாடிப் போன மாணவன் களத்திலேயே விழுந்து செத்தான். 2023 பொங்கலில் பாலமேட்டில் மாடு குத்திச் செத்த பையனும் அதே வருஷம் ஆகஸ்டில் சென்னைக்கு வெளியே மோட்டார்சைக்கிள் பந்தயத்தில் செத்த பதின்மூன்று வயதுச் சிறுவனும் ஃபார்முலா ஒன்னின் வளையத்துக்கு உள்ளே இல்லை. இவர்கள் பனையேறிக்கும் மலக்குழியில் இறங்கினவனுக்கும் பக்கத்தில் நிற்கிறவர்கள். பாலமேட்டுப் பையன் பைக்குக்காகவோ காருக்காகவோ வாசலில் நின்றானென்றால், நண்பர் சொல்லும் 'அர்த்தமற்ற நிர்ப்பந்தம்' அங்கேயும் பாதி இருக்கிறது. அப்படியிருக்க இவர்களை ஹியூஸோடும் செனாவோடும் ஒரே வாக்கியத்தில் கட்டி 'மரணத்தைத் தேர்ந்தவர்கள்' என்பது அவர்களுக்கே செய்யும் துரோகம். களத்தில் ஆம்புலன்ஸ் நின்றதா என்று கேட்டு ஒரு கட்டுரை வந்திருந்தால் நான் கைதட்டியிருப்பேன்.

எனக்கு நண்பர்மேல் இருக்கும் உண்மையான கோபம் வேறு. கட்டுரையின் கடைசிப் பத்தியில், 'இதே அர்த்தத்தில் கவிஞனும் ஒவ்வொரு வரியிலும் உயிரைப் பணயம் வைக்கிறவன்' என்று எழுதியிருக்கிறாரே, முழுக் கட்டுரையும் அந்த வரிக்கு வந்து சேருவதற்காக எழுதப்பட்டது. ஹியூஸும் செனாவும் காரியும் அதற்குப் போட்ட படிக்கட்டு. நம்மில் யாரும் கவிதை எழுதிச் செத்ததில்லை. வறுமையில் செத்திருக்கிறார்கள், குடியில் செத்திருக்கிறார்கள், க்ஷயத்தில் செத்திருக்கிறார்கள். அவை அச்சுக்கோர்க்கிறவனும் தறிநெய்கிறவனும் செத்த சாவுகளே, தனியாக நமக்கென்று ஒன்றும் இல்லை. ஓர் இடத்தில் எழுதியதற்காக ஒருவனைச் சுடுகிறார்கள் என்றால் அது வேறு பேச்சு. அப்படிச் செத்தவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள், தபோல்கர், பன்சாரே, கல்புர்கி, கௌரி லங்கேஷ். தாங்கள் பணயம் வைப்பதாக அவர்கள் யாரும் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கவில்லை.

ஆசிரியர் அடுத்த இதழை விளையாட்டுச் சிறப்பிதழாகக் கொண்டுவரப்போவதாகக் கடிதம் எழுதி, 'வாடிவாசல்' பற்றி ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார். அதற்கு வேறு ஆளைப் பார்க்கவும். கும்பு பனிச்சரிவைப் பற்றியும் ஷேர்ப்பாக்கள் அந்தப் பருவத்தை நிறுத்தியதைப் பற்றியும் எட்டுப் பக்கம் ஒதுக்குவதானால் நான் எழுதித் தருகிறேன். பக்கத்துக்கு ஆகும் செலவில் பாதியையும் அனுப்பிவைக்கிறேன்.